எலி தேவையில்லை என்றது பூனை: மைஸ் பேக்கேஜுடன் மூன்று வருடம்

முதலில் அந்தப் பூனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

புள்ளியியல் கணக்குகளுக்குப் பயன்படும் ஆர் என்ற நிரல் மொழியில் மைஸ் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. டேட்டாவில் விடுபட்ட கட்டங்களை இட்டு நிரப்புவது அதன் வேலை. எங்கெங்கே ஓட்டை என்று காட்ட அதில் எம்டி.பேட்டர்ன் என்றொரு கட்டளை உண்டு. ஓட்டையே இல்லாத டேட்டாவை அதனிடம் கொடுத்தால், அடைப்புக்குறியும் சாய்கோடுமாக வரைந்த ஒரு பூனை முகம் திரையில் வரும். பக்கத்தில் ஒரு வரி: எலிகளுக்கு இங்கே வேலையில்லை, டேட்டா முழுமையாக இருக்கிறது.

நான் இந்தப் பேக்கேஜை முதன்முதலில் ஓட்டியது எஃப்பிஐ தொகுக்கும் அமெரிக்கக் கொலைப் பதிவுகளின் மேல். 1976 தொடங்கி லட்சக்கணக்கான வரிகள். கொல்லப்பட்டவரின் வயது, பாலினம், இனம், ஆயுதம், கொன்றவரின் வயது, இருவருக்கும் என்ன உறவு என்று வரிக்கு வரி விவரம். கொன்றவர் யாரென்றே கண்டுபிடிக்கப்படாத வழக்குகள் அதில் கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. சல்லடை மாதிரி ஒரு கோப்பு என்று தெரிந்துதான் திறந்தேன். கட்டளையைத் தட்டினேன். பூனை வந்தது.

ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக் கூடாது. யாரோ புண்ணியவான் ஏற்கெனவே சுத்தம் செய்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, அப்படியே மேற்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் கொன்றவர்களின் சராசரி வயதைப் பார்த்தேன். முந்நூறைத் தாண்டியிருந்தது.

என் கையில் இருந்த கோப்பில் வயது தெரியாத இடத்தில் எல்லாம் 999 என்று போட்டிருந்தார்கள். பாலினம் தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்ற சொல். மைஸுக்கு 999 ஒரு எண், 'தெரியவில்லை' ஒரு வகை. ஆண், பெண், தெரியவில்லை என்று மூன்று பாலினம் இருப்பதாக அது எடுத்துக்கொண்டது. ஆர் மொழியில் காலி இடத்தைக் குறிக்கும் என்ஏ இருந்தால் மட்டுமே அதற்கு ஓட்டை தெரியும். பூனை மேல் தப்பில்லை.

எஃப்பிஐயின் மூலக் குறியீடு இதைவிட வினோதம். அதில் 00 என்றால் வயது தெரியாது. 99 என்றால் 99 அல்லது அதற்கு மேல். பிறந்து ஒரு வாரம் ஆகாத குழந்தைக்கு எண்ணே கிடையாது, என்பி என்று இரண்டு எழுத்து. அதிலிருந்து ஒரு வயது முடியும்வரை பிபி. இதை எண் நெடுவரிசையாகப் படிக்கச் சொன்னால் குழந்தைகள் எல்லாம் என்ஏ ஆகிவிடுவார்கள், வயது தெரியாதவர்கள் எல்லாம் கைக்குழந்தை ஆகிவிடுவார்கள். ஓட்டை இல்லாத இடத்தில் ஓட்டை, இருக்கும் இடத்தில் சுவர்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் பேக்கேஜுக்கு நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஏன் நாலு, அந்த ஒன்று ஏன் போச்சு என்பதுதான் இனி.

மைஸ் என்பது எலி இல்லை, 'மல்டிவேரியட் இம்ப்யூட்டேஷன் பை செயின்ட் ஈக்வேஷன்ஸ்' என்பதன் சுருக்கம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்டெஃப் வான் பியூரனும் காரின் க்ரூட்ஹாய்ஸ்-அவுட்ஸ்ஹோர்னும் உருவாக்கியது. 2000 வாக்கிலேயே பிறந்துவிட்டது; இதை விவரிக்கும் அவர்களுடைய கட்டுரை 2011இல் வந்தது. இலவசம், திறந்த மூலம். முதலில் மருத்துவ ஆய்வுக்காரர்களிடம் பரவியது. குற்றப் பதிவுக்கென்று செய்யப்பட்ட கருவி அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பிரச்சினைகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

இதற்கு முன் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொன்னால்தான் இதன் அருமை புரியும். எல்லாரையும் போல, ஓட்டை உள்ள வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுவேன். கொலைப் பதிவில் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? மனைவியைக் கணவன் கொன்ற வழக்கில் கொன்றவர் யார் என்று பெரும்பாலும் சீக்கிரம் தெரிந்துவிடும். இரவில் தெருவில் யாரோ யாரையோ சுட்டுவிட்டு ஓடிய வழக்கில் தெரியாது. தெரியாத வரிகளைத் தூக்கிப் போட்டால் மிஞ்சுவது குடும்பத்துக்குள் நடந்த கொலைகளும் தெரிந்தவர்களுக்குள் நடந்த கொலைகளும்தான் அதிகம். அந்நியரால் நடந்த கொலைகள் குறைவு என்று அட்டவணை சொல்லும். அது கொலையைப் பற்றிய செய்தியா, துப்புத் துலக்குவதைப் பற்றிய செய்தியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த வழி, சராசரியைப் போட்டு நிரப்புவது. வயது தெரியாத எல்லாருக்கும் 30 என்று போட்டுவிட்டால் வரைபடத்தில் 30இல் ஒரு கோபுரம் எழும். பரவல் சுருங்கும், எதற்கும் எதற்கும் தொடர்பு இருந்ததோ அதுவும் நீர்த்துப்போகும். இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. செய்யாதீர்கள்.

மூன்றாவது வழி கொஞ்சம் கௌரவமானது, எஃப்பிஐயே பல காலம் செய்தது. அமெரிக்காவில் 1930 முதல் காவல் துறைகள் மாதாமாதம் எஃப்பிஐக்குக் குற்ற எண்ணிக்கை அனுப்பிவந்தன. சுமார் 18,000 காவல் அமைப்புகள். தேசிய அளவில் இது கட்டாயம் கிடையாது, எனவே சில ஊர்கள் சில மாதங்கள் அனுப்பாது. ஒரு ஊர் நாலு மாதத்துக்கு மட்டும் அனுப்பி, அதில் 20 திருட்டு இருந்தால், 20ஐ 12ஆல் பெருக்கி 4ஆல் வகுத்து ஆண்டுக்கு 60 என்று போட்டுவிடுவார்கள். மூன்று மாதத்துக்கும் குறைவாக அனுப்பிய ஊர் என்றால், அதே மாநிலத்தில் அதே அளவு மக்கள்தொகை உள்ள மற்ற ஊர்களின் விகிதத்தை இதற்கும் போடுவார்கள்.

கணக்கு எளிது, யாருக்கும் விளக்கலாம். ஆனால் அனுப்பிய நாலு மாதமும் குளிர்காலமாக இருந்தால்? கோடையில் திருட்டு கூடும் ஊராக இருந்தால்? அதைவிடப் பெரிய தொல்லை, அந்த 60 கோப்பில் உட்கார்ந்த பிறகு உண்மையில் எண்ணி அனுப்பிய ஊரின் 60 மாதிரியேதான் தெரியும். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. மாவட்ட அளவில் சேர்த்து வெளியிடும் கோப்புகளில் 1994இல் விதியே மாறியது. அதற்கு முன் ஆறு மாதமாவது அனுப்பிய ஊரைத்தான் பெருக்கினார்கள், மற்றவற்றை விட்டுவிட்டார்கள். அதற்குப் பின் மூன்று மாதம் போதும் என்று ஆனது. இது தெரியாமல் 1990 முதல் 2000 வரை கோடு வரைந்தால், நடுவில் விதி மாறிய சுவடு குற்றம் மாறிய மாதிரி தோன்றும். குற்றவியல் ஆய்வாளர்கள் மைக்கேல் மால்ட்ஸும் ஜோசப் டார்கோன்ஸ்கியும் 2002இல் இந்த மாவட்டக் கோப்புகளை நம்பி ஆய்வு செய்யாதீர்கள் என்று எச்சரித்ததே இந்த மாதிரி விஷயங்களுக்காகத்தான்.

மைஸ் செய்வது வேறு. ஒரு ஓட்டைக்கு ஒரு எண் போடாது, பல எண் போடும்.

ஒரு வரியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். கொல்லப்பட்டவர் 34 வயது ஆண், கைத்துப்பாக்கி, பெரிய நகரம். கொன்றவரைப் பற்றிய பகுதி முழுக்க காலி. மைஸ் முதலில் எல்லா ஓட்டையிலும், தெரிந்த மதிப்புகளில் இருந்து குருட்டுத்தனமாக ஒன்றை எடுத்துப் போட்டுவிடும். ஆரம்பத்துக்குத்தான் அது. பிறகு கொன்றவரின் வயதுக்கு வரும். வயது தெரிந்த வரிகளை வைத்து, மற்ற விவரங்களில் இருந்து வயதைக் கணிக்க ஒரு மாடல் போடும். நம் வரிக்கு ஒரு கணிப்பு வரும். அந்தக் கணிப்புக்கு மிக அருகில் கணிப்பு உள்ள, வயது தெரிந்த ஐந்து வரிகளைத் தேடும். அந்த ஐந்தில் ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதன் நிஜ வயதை இங்கே கடன் வாங்கிப் போடும். அப்புறம் பாலினத்துக்கு ஒரு மாடல், உறவுக்கு ஒரு மாடல், திரும்ப வயதுக்கு. சங்கிலி மாதிரி ஒன்றைப் பிடித்து ஒன்று. பேக்கேஜ் தானாக வைத்திருக்கும் அளவுப்படி இப்படி ஐந்து சுற்று. இந்த முழு வேலையையும் ஐந்து முறை தனித்தனியாகச் செய்து ஐந்து முழுக் கோப்புகளைக் கொடுக்கும்.

நம்முடைய வரியில் ஐந்து பிரதியிலும் வயது, உதாரணத்துக்கு, 22, 41, 19, 30, 27 என்று சிதறி வரும். எனக்குத் தெரியாதப்பா என்று கருவி ஒப்புக்கொள்கிறது. அதுவே கொல்லப்பட்டது ஆறு மாதக் குழந்தை, இடம் ஒரு சின்ன ஊர், ஆயுதம் வெறும் கை என்றால்? ஐந்து பிரதியிலும் வயது இருபதுகளையே சுற்றி வரும், உறவு என்ற இடத்தில் அப்பா அல்லது அம்மா என்றே அடிக்கடி விழும். மற்ற விவரங்கள் துப்புக் கொடுக்கும் இடத்தில் பிரதிகள் ஒத்துப்போகின்றன, கொடுக்காத இடத்தில் சண்டை போடுகின்றன. ஐந்து கோப்புகளையும் அடுத்தடுத்துத் திறந்து இந்தச் சண்டையைக் கண்ணால் பார்த்த அன்றுதான் எனக்கு இந்த முறை மேல் நம்பிக்கை வந்தது.

அந்தச் சண்டையை வீணாக்காமல் கணக்கில் சேர்ப்பதுதான் அடுத்த கட்டம். வித் என்ற கட்டளை ஐந்து கோப்பிலும் ஒரே ஆய்வை ஓட்டும். பூல் என்ற கட்டளை ஐந்து விடையையும் ஒன்றாக்கும். சேர்க்கும் விதி புள்ளியியலாளர் டொனால்ட் ரூபினுடையது. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் இருக்கும் நிச்சயமின்மையின் சராசரி ஒரு பங்கு, கோப்புக்குக் கோப்பு விடை எவ்வளவு மாறுகிறது என்பது இன்னொரு பங்கு; இரண்டாவதை ஒன்றோடு பிரதி எண்ணிக்கையின் தலைகீழைக் கூட்டிப் பெருக்கி முதலாவதோடு சேர்க்க வேண்டும். கைக்கணக்காகவே போடலாம். விளைவு, ஓட்டை அதிகம் உள்ள இடத்தில் பிழை எல்லை தானாக அகலும். எஃப்பிஐ கணக்கின் 60க்கு இல்லாத ஒன்று இது: இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற குறிப்பு எண்ணோடு சேர்ந்தே வருகிறது.

கடன் வாங்கும் முறையும் எனக்குப் பிடித்திருக்கிறது. வேறொரு நிஜ வரியின் மதிப்பைத்தான் எடுக்கிறது என்பதால் வயது 23.7 என்றோ கொள்ளை எண்ணிக்கை கழித்தல் நாலு என்றோ வராது. ஒருமுறை வேறு ஒரு முறையில் நிரப்பிப் பார்த்தபோது பிறப்பதற்கு முன்பே கொலை செய்தவர்கள் இரண்டு பேர் கிடைத்தார்கள்.

இனி குறைகள்.

பிரதி எண்ணிக்கை ஐந்து என்று தானாக வைத்திருப்பது குற்றப் பதிவுக்குப் பற்றாது. எத்தனை சதவீத வரிகளில் ஓட்டை இருக்கிறதோ அத்தனை பிரதியாவது போடுங்கள் என்று ஒரு நடைமுறை விதி உண்டு. மூன்றில் ஒரு பங்கு வரிகளில் ஓட்டை என்றால் முப்பத்துச் சொச்சம். நான் 40 போடுகிறேன். ஐந்தோடு நிறுத்தி, இரண்டு முறை ஓட்டி, இரண்டு விடையும் தசம இடத்தில் வேறாக வந்து, எதை அறிக்கையில் போடுவது என்று முழித்த அனுபவம் உண்டு.

நாற்பது பிரதி என்றால் நேரம் ஆகும். கொலைப் பதிவில் உறவு என்ற நெடுவரிசைதான் ராட்சசன். கணவன், மனைவி, முன்னாள் கணவன், மாற்றாந்தாய், அண்டை வீட்டார், முதலாளி என்று இருபதுக்கும் மேல் வகை. இத்தனை வகை உள்ள நெடுவரிசைக்கு மைஸ் பாலிரெக் என்ற முறையைத் தானாகத் தேர்ந்தெடுக்கும். கணிக்கும் பக்கத்தில் ஐம்பது மாநிலத்தையும் வைத்தால் மதிப்பிட வேண்டிய எண்கள் வகை பெருக்கல் மாநிலம் என்று ஆயிரத்தைத் தாண்டும், எடைகள் அளவுக்கு மீறிவிட்டன என்று ஒரு பிழைச் செய்தியோடு எல்லாம் நின்றுவிடும். உச்ச வரம்பைக் கூட்டலாம். கூட்டினால் ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். வகைகளைத் துணை, மற்ற உறவினர், தெரிந்தவர், அந்நியர் என்று நாலாகச் சுருக்கிய பிறகுதான் என் லேப்டாப் மூச்சு விட்டது. சுருக்கும்போது முன்னாள் காதலன் எந்தப் பெட்டி என்று கருவியிடம் கேட்க முடியாது. அந்த முடிவு நம்முடையது, அட்டவணையின் கடைசி எண்ணில் அந்த முடிவும் ஒளிந்திருக்கும்.

எச்சரிக்கை சொல்லும் விதம் சரியில்லை. ஓடி முடித்ததும் 'பதிவான நிகழ்வுகள் 150' என்ற மாதிரி ஒரே ஒரு வரி வரும். என்ன நிகழ்வு? லாக்டு ஈவென்ட்ஸ் என்ற பட்டியலைத் தனியாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஒன்றையொன்று அப்படியே பிரதிபலிக்கும் நெடுவரிசைகளில் ஒன்றை அது சத்தமில்லாமல் கழற்றிவிட்டிருக்கும். மாநிலத்தின் பெயரும் மாநில எண்ணும் இரண்டும் இருந்தால் ஒன்றைக் கழற்றுவது நியாயம்தான். ஆனால் நமக்கு வேண்டிய நெடுவரிசையையும் அதே மாதிரி கழற்றக்கூடும். அந்த வரியைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள்.

எதை வைத்து எதைக் கணிப்பது என்று சொல்லும் பிரெடிக்டர் மேட்ரிக்ஸ் நல்ல ஏற்பாடு. வரிசையில் நிரப்ப வேண்டியது, நெடுவரிசையில் கணிக்க உதவுவது, கட்டத்தில் ஒன்று அல்லது பூஜ்யம். சின்னக் கோப்புக்கு கையாலேயே எழுதலாம். ஊர்கள் மாநிலத்துக்குள், மாநிலங்கள் நாட்டுக்குள் என்று அடுக்காக இருக்கும் டேட்டாவுக்கு வந்தால்தான் தலைவலி. அடுக்கைக் குறிக்கும் நெடுவரிசைக்குக் கட்டத்தில் கழித்தல் இரண்டு என்று போட வேண்டும், அது முழு எண்ணாக வேறு இருக்க வேண்டும். கழித்தல் இரண்டு ஏன் என்று யாராவது விளக்கினால் நன்றி. குற்ற எண்ணிக்கை மாதிரியான எண்ணல் டேட்டாவுக்கு அடிப்படைப் பேக்கேஜில் தனி மாடலும் இல்லை. பூஜ்யம் மலிந்த சின்ன ஊர்களுக்குக் கடன் வாங்கும் முறையே ஓரளவு ஈடுகொடுக்கிறது என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். மக்கள்தொகையைக் கணிக்கும் பக்கத்தில் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஐந்நூறு பேர் உள்ள ஊர் பெருநகரத்திடம் கடன் வாங்கிவிடும்.

பூஜ்யம் என்றதும் ஞாபகம் வருகிறது. எஃப்பிஐ எண்ணிக்கைக் கோப்புகளில் பூஜ்யத்துக்குப் பல அர்த்தம். நிஜமாகவே அந்த மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அல்லது அறிக்கையே அனுப்பவில்லை. அல்லது அந்தக் குட்டி ஊரின் எண்ணிக்கையைப் பக்கத்துப் பெரிய அமைப்பு தன்னுடையதோடு சேர்த்து அனுப்பிவிட்டது, எனவே இங்கே பூஜ்யம். மூன்றாவதை ஓட்டை என்று நினைத்து நிரப்பினால் ஒரே குற்றத்தை இரண்டு முறை எண்ணுவீர்கள். மைஸ் இதில் எதையும் கண்டுபிடிக்காது. எந்த மாதம் அறிக்கை வந்தது என்ற நெடுவரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூஜ்யத்தையும் விசாரித்து, என்ஏ ஆக்க வேண்டியதை ஆக்கி முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. மைஸ் ஓடியது ஒரு ராத்திரி.

நாலாவது நட்சத்திரத்தோடு நிறுத்தியதற்கு உண்மையான காரணம் இன்னும் ஆழமானது, அதற்குப் பேக்கேஜை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ரூபின் 1976இல் ஓட்டைகளை மூன்றாகப் பிரித்தார். முழுக்கத் தற்செயலாக விடுபட்டது ஒன்று. கையில் இருக்கும் மற்ற விவரங்களைப் பொறுத்து விடுபட்டது இரண்டாவது. விடுபட்ட அந்த விடையையே பொறுத்து விடுபட்டது மூன்றாவது. மைஸ் வழக்கமாக ஓடுவது இரண்டாவது வகை என்ற நம்பிக்கையில்.

கொலைப் பதிவில் உறவு என்ற கட்டம் ஏன் காலியாக இருக்கிறது? எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். கொலை விவரத்தைக் காவல் துறை எழுதி அனுப்பும் படிவம் பெரும்பாலும் கொலை நடந்த மாதத்தின் கணக்கோடு போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்துக் கைது நடந்தால் படிவத்தைத் திருத்தி அனுப்பப் பல இடங்களில் யாருக்கும் நேரமில்லை. விடை விசாரணை அதிகாரியின் கோப்பில் இருக்கிறது, படிவத்தில் இல்லை. இந்த மாதிரி ஓட்டையை மைஸ் அழகாக நிரப்பும், ஏனென்றால் அது விடையைப் பொறுத்தது கிடையாது, அந்தக் காவல் அமைப்பின் சோம்பலைப் பொறுத்தது. ஊரும் வருடமும் கோப்பில் இருக்கின்றன.

இரண்டாவது காரணம், கொன்றவர் அந்நியர் என்பதாலேயே பிடிபடவில்லை. இங்கே விடையேதான் ஓட்டைக்குக் காரணம். அந்நியரால் நடந்து, தீர்க்கப்பட்ட வழக்குகளில் இருந்து கடன் வாங்கி, தீர்க்கப்படாத வழக்குகளை நிரப்புகிறோம். பிடிபட்ட அந்நியரும் பிடிபடாத அந்நியரும் ஒரே மாதிரி என்று எந்தக் கோப்பும் சொல்லவில்லை. இந்த இரண்டு வகை ஓட்டையும் கோப்பில் ஒரே குறியீட்டோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எது எது என்று பிரிக்க வழியில்லை. 1980களில் இருந்தே குற்றவியல்காரர்கள் இந்தக் கோப்பின் உறவுக் கட்டத்தை விதவிதமான முறைகளில் நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். அந்நியர் பங்கு எவ்வளவு உயரும் என்பது முறைக்கு முறை வேறாக வருவதற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

மைஸில் இதற்கும் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். எம்என்ஏஆர்.லாக்ரெக் என்றொரு முறை. அந்நியரா இல்லையா என்று இரண்டே வகையாக்கிவிட்டு, விடுபட்ட வரிகளில் அந்நியராக இருக்கும் வாய்ப்பை மாடல் சொல்வதைவிட இவ்வளவு தூக்கு என்று நாமே ஒரு எண் கொடுக்கலாம். 0 கொடுத்து ஒரு ஓட்டம், 0.5 கொடுத்து ஒன்று, 1 கொடுத்து ஒன்று. ஆய்வின் முடிவு எந்த எண்ணில் தலைகீழாகிறது என்று பார்க்கலாம். அந்த எண்ணை எழுதும் இடத்துக்கு பிளாட்ஸ் என்று பெயர், உள்ளே மேற்கோள் குறிக்குள் வேறு எழுத வேண்டும். முதல் நாள் முழுக்க நிறுத்தக்குறியோடு மல்லுக்கட்டினேன். ஆனால் என் கூடவே இருந்த மூத்தவர் ஒருவர், எல்லா அட்டவணையையும் ஒதுக்கிவிட்டு இந்த மூன்று ஓட்டத்தின் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஏம்மா, இதை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கலாமே' என்றார்.

எதற்கு மைஸ் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வரியில் சில கட்டங்கள் காலி என்றால் மைஸ். வரியே இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். 2021 ஜனவரியில் எஃப்பிஐ பழைய மாத எண்ணிக்கை முறையை நிறுத்தி, ஒவ்வொரு சம்பவத்தையும் விவரமாகப் பதியும் புதிய முறைக்கு மாறியது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறைகள் உட்பட ஆயிரக்கணக்கான அமைப்புகள் அந்த வருடம் புதிய முறையில் டேட்டா அனுப்பவில்லை. 2022இல் பழைய முறையில் அனுப்பியதையும் சேர்த்துக்கொள்ளும்படி ஆயிற்று. இவ்வளவு பெரிய ஊர்கள் முழுதாகக் காணாமல் போன இடத்தில், அனுப்பிய ஊர்களுக்கு எடை போட்டு அனுப்பாதவற்றுக்கு ஈடுகட்டும் முறைகள்தான் முதலில் வர வேண்டும். அமெரிக்க நீதிப் புள்ளியியல் பணியகம் எஃப்பிஐயோடு சேர்ந்து அந்த வருடத்துக்கு எடுத்ததும் அந்த வழிதான். நியூயார்க்குக்கு எந்த ஊரிடம் போய்க் கடன் வாங்குவது?

மற்ற கருவிகளையும் தொட்டுப் பார்த்தேன். அமெலியா வேகமானது, வானூர்தி ஓட்டிப் போய் 1937இல் காணாமல் போன அமெலியா ஏர்ஹார்ட்டின் பெயர் அதற்கு. விடுபட்ட டேட்டா கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. எல்லா நெடுவரிசையும் சேர்ந்து மணி வடிவப் பரவலில் இருக்கிறது என்ற அனுமானத்தில் ஓடுவதால், வகைகள் மலிந்த கொலைப் பதிவுக்கு நான் எடுப்பதில்லை. வருடம் வருடமாகப் போகும் மாநில அளவு எண்ணிக்கைக்கு அது நன்றாகவே ஒத்துவருகிறது. மிஸ்ஃபாரஸ்ட் அருமையாகக் கணிக்கும், ஒரே ஒரு விடையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். பிழை எல்லை வேண்டும் என்றால் உதவாது. பைத்தான் மொழியில் சைக்கிட்-லேர்ன் என்ற தொகுப்பில் இருக்கும் இட்டரேட்டிவ் இம்ப்யூட்டர் மைஸைப் பார்த்துச் செய்ததுதான். அதுவும் தானாக விட்டால் ஒரே பிரதி. மாதிரி எடுக்கும் விருப்பத்தைத் திறந்து, நீங்களே பல முறை ஓட்டி, நீங்களே சேர்க்க வேண்டும். இன்னும் சோதனை நிலை என்று முத்திரையும் குத்தியிருக்கிறார்கள்.

ஆவணங்களுக்கு முழு மதிப்பெண். வான் பியூரன் இதைப் பற்றி எழுதிய பாடநூலை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம், ஒவ்வொரு படத்துக்கும் கோட் கூடவே இருக்கிறது. பழகிப் பார்க்க 25 வரி உள்ள ஒரு குட்டி டேட்டாவும் பேக்கேஜோடு வருகிறது. அதில் ஓட்டை எல்லாம் ஒழுங்காக என்ஏ என்று போட்டிருக்கும், 999 இருக்காது. அதில் பழகிவிட்டுக் குற்றப் பதிவுக்கு வருவது குளத்தில் நீந்தப் பழகிவிட்டுக் கடலில் குதிக்கிற கதைதான்.

ஒரு சின்ன விஷயம். ஓட்டும்போது, சீட்டுப் போடும் வரிசையைத் தொடங்கிவைக்கும் சீட் (seed) என்ற இடத்தில் ஒரு எண் கொடுத்து, அதை எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தால் மறுபடி ஓட்டும்போது அதே நாற்பது பிரதியும் அப்படியே வரும். நான் முதன்முதலில் அறிக்கையில் போட்ட அட்டவணைக்குக் கொடுக்கவில்லை. இரண்டாவது வரி, நாலாவது கட்டம். மூன்று வருடமாக அந்த எண் திரும்ப வரவில்லை.